வெளிநாட்டவருக்கு மட்டும்

என் அம்மா ஹெர்லிந்தா கொயோய் சென்ற மாதம் இறந்தார். அவர் முன்பு வேலை பார்த்த விடுதியிலிருந்து மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள். ‘எங்களுக்குச் சேவை செய்வதிலேயே மகிழ்ந்தவர்’ என்று அதன் நாடாவில் அச்சிட்டிருந்தது. நாடாவை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வளையத்தை வீட்டுக்குள் விட்டேன்.

அம்மா அவர்களுக்குச் சேவை செய்து மகிழவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்தார். முதுகுப்பையோடு குவாதமாலாவைச் சுற்ற வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள், எங்கள் ஷேலா நகரத்தில் தங்கும் விடுதி அது. அடுக்குக் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுவது, கழிவறை கழுவுவது, அவர்களுடைய சேறு படிந்த காலுறைகளைத் துவைப்பது என்று பத்தொன்பது வருடம். அவர் மகிழ்ந்தது வேறு ஒன்றுக்கு. அதை எழுதுகிறேன். நான் எக்ஸ்ரே இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லத்தான் தெரியும்.

ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னார்:

“எனக்கு ஒரு ராத்திரி வேணும். வேற நாட்டுல. வேற யாரோ விரிச்ச கட்டில்ல. முதுகுல பைய மாட்டிக்கிட்டு, தனியா.”

“தனியா எதுக்கு? நானும் வரேன்.”

“அந்தப் புள்ளைங்க யாராவது வீட்டாளுங்களக் கூட்டிக்கிட்டா வருதுங்க?”

எல்லைக்கு அப்பால், மெக்சிகோவில் இருக்கும் சான் கிறிஸ்டோபல் என்று முடிவாயிற்று. வேனில் ஒரு பகல் தூரம். எல்லையோர மாநிலத்துக்குள் போய்வர மெக்சிகோக்காரர்கள் தரும் அட்டையை முன்கூட்டியே போய் முறைப்படி வாங்கி வந்தார். அங்குள்ள விடுதி ஒன்றில் நான் போனிலேயே படுக்கை பதிவு செய்து பணமும் கட்டினேன். டென்மார்க் பையன் ஒருவன் விட்டுப்போயிருந்த பச்சை முதுகுப்பையின் கிழிசலை அம்மா தைத்துக்கொண்டார். உடை எப்போதும் உடுத்துவதுதான்: பூவேலை செய்த எங்கள் பழங்குடி மேல்சட்டை, சுற்றிக் கட்டும் நீளப் பாவாடை, நெசவுக் கச்சை. அதற்கு மேல் அந்தப் பை.

காலையில் வேன் வந்தது. அம்மாவின் விடுதியிலிருந்து தினமும் ஆள் ஏற்றும் எல்மர்தான் ஓட்டுநர். அம்மாவை மரியாதையாக ‘தோன்யா’ போட்டுத்தான் கூப்பிடுவார்.

“என்ன தோன்யா லிந்தா, யாரோட மூட்டை? கூரை மேல ஏத்தணுமா?”

“என்னோடது. நானும் ஏறணும்.”

“காலங்காத்தால வெளையாட்டா?”

“காசு கட்டியாச்சு. நீ வெளையாடாம வண்டிய எடு.”

எல்மர் எல்லைவரை சிரித்துக்கொண்டே ஓட்டினாராம். அங்கே எல்லோரும் மெக்சிகோ வேனுக்கு மாறினார்கள். அதன் ஓட்டுநர் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, “இவங்க யாரோட வந்தவங்க?” என்று மற்றவர்களிடம் கேட்டார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. நல்ல மழை. சீருடைக்காரர் ஒருவர் ஏறி வரிசையாகப் பார்த்தார். ஜெர்மானியர்கள், இஸ்ரேல் பெண்கள், தாடிக்காரர் ஒருவர். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் வந்து நின்றார்.

“மரியா, கீழ எறங்கு.”

எங்கள் உடை உடுத்திய எந்தப் பெண்ணும் அவர்களுக்கு மரியாதான். எங்கள் ஊரிலும் அப்படிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

“என் பேர் ஹெர்லிந்தா. அட்டையில இருக்கு, படிச்சுப் பாருங்க.”

அட்டை சரியாக இருந்தது. அதுதான் அவருக்குச் சந்தேகம்.

“எங்க போற?”

“சுத்திப் பாக்க.”

“நீயா? எந்த வீட்டுக்கு வேலைக்குப் போற, உண்மையச் சொல்லு.”

“வேலைக்கு லீவு போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”

பையைக் கவிழ்த்தார்கள். மேசையில் பாதி கூரைக்கு வெளியே இருந்தது. துண்டு, மாற்றுத் துணி, உள்பாவாடை எல்லாம் நனைந்தன. சோள இலையில் சுற்றி எடுத்துப்போன சாப்பாட்டைக் குப்பையில் போட்டார்கள். இன்னொருவர் அட்டையோடு உள்ளே போனார். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். வேன் காத்திருக்கவில்லை. அம்மாவின் மழைக்கோட்டும் அதிலேயே போயிற்று. புறப்படும்போது ஒரு பெண் ஜன்னல் வழியாகக் கையசைத்தாளாம். இந்த இடம் வந்தால் அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் குரல் ஏறிவிடும்.

“டாட்டா காட்டறா! எனக்கு! எறங்கி வந்து ஒரு வார்த்தை கேக்க முடியல, டாட்டா காட்டறா!”

மன்னிப்பு எதுவும் இல்லை. அட்டையை மேசைமீது எறிந்து, “போ” என்றார்கள்.

அம்மா மழையில் நடந்தார். பிறகு முட்டைக்கோஸ் ஏற்றிய ஒரு டிரக்கை நிறுத்தி, குவியலின் மேல் ஏறி உட்கார்ந்தார். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததில் பையின் தோள்வார் அறுந்தது, சில கோஸ்கள் உருண்டு சாலையில் விழுந்தன. டிரக்குக்காரர் அவற்றுக்கும் சேர்த்துப் பணம் கேட்டார்.

“நானா தள்ளி விட்டேன்?” என்று அம்மா கேட்டதற்கு, “நீங்க உக்காந்ததாலதான் அதுக்கு எடம் இல்லாமப் போச்சு” என்றாராம்.

மாலையில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார். முன்மேசையில் காதில் கடுக்கன் போட்ட இளைஞன். பெயர் இகெர்.

“துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்தாச்சு, மரியா.”

“படுக்கை பதிவு பண்ணியிருக்கு. கீழ்க்கட்டில். கொயோய்ங்கற பேர்ல.”

கணினியில் அது இருந்தது. இகெர் கொஞ்சம் தடுமாறினான். பிறகு தலைக்கு மேல் சுவரில் இருந்த பலகையைக் காட்டினான். ‘வெளிநாட்டவருக்கு மட்டும்.’

“தப்பா எடுத்துக்காதீங்க, சென்யோரா. பாதுகாப்புக்காகத்தான். உள்ளூர்க்காரங்களுக்குப் படுக்கை தர்றதில்ல.”

“நான் உள்ளூரா?”

“இல்ல… வெளிநாடுன்னா நாங்க அந்த வெளிநாட்டச் சொல்லல.”

“பின்ன எந்த வெளிநாட்ட?”

இகெர் மறுபடி கணினியைப் பார்த்தான். அம்மாவுக்குப் பதில் தெரியும். ஷேலாவில் அவருடைய விடுதி வாசலிலும் அதே பலகை இருந்தது. வாரம் ஒருமுறை அதைத் துடைத்தவர் அவர்தான். படுக்கைகள் காலியாகக் கிடக்கும்போதே, மூட்டையும் கைக்குழந்தையுமாக வந்து நிற்கும் எங்கள் ஆட்களிடம் “இடமில்லீங்க” என்று சொல்வதற்கும் அவரைத்தான் அனுப்புவார்கள். அதே முகம், அதே உடை, அதே மொழி. சொன்னால் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்ற கணக்கு.

அம்மா அட்டையை எடுத்து மேசைமீது வைத்தார்.

“தம்பி, கேட்டுக்க. இதே ரோட்டுல ஒருத்தன், நான் வெளிநாட்டுக்காரின்னு வண்டியிலேருந்து எறக்கி என் உள்பாவாடைய மழையில பரப்பினான். இப்ப நீ, நான் வெளிநாட்டுக்காரி இல்லங்கற. அவனுக்கு ஒரு போனப் போடு. நான் யாருன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

பையை நடுவழியில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. பின்னால் வரிசை சேர்ந்தது. இகெர் குரலைத் தாழ்த்தி, வேலையாட்கள் அறையில் ஒரு மெத்தை இருக்கிறது, காசு வேண்டாம் என்றான்.

“வேலைக்காரங்க ரூம்ல படுக்க நான் நாடு தாண்டி வரணுமா? காசு கட்டியிருக்கேன். கட்டிலக் காட்டு.”

அப்போது ஈரத் தலையோடு வந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண், நேராக அம்மாவிடம் போய்த் துண்டு கிடைக்குமா என்று கேட்டாள்.

“நானும் அதுக்குத்தாம்மா உக்காந்திருக்கேன். வாங்கினா எனக்கும் சேத்து ஒண்ணு வாங்கிட்டு வா.”

அவள் இரண்டு வாங்கி வந்தாள்.

இகெர் முதலாளிக்குப் போன் செய்தான். முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் பேசினான். பிறகு சாவியை நீட்டினான்.

“மேல்கட்டில்தான் இருக்கு.”

“கீழ்க்கட்டில்னு பதிவு.”

கீழ்க்கட்டில் கிடைத்தது. படுத்த உடனே எனக்குப் போன் செய்தார்.

“படுத்துட்டேன்.”

“எப்படிம்மா இருக்கு?”

“மகா மோசம். மெத்தை நடுவுல குழி. தலகாணியில யாரோ தலை வாசனை. மேல ஒருத்தன் இப்பவே ஊருக்கே சேத்துக் கொறட்டை விடறான். காலையில புகார் சொல்லணும்.”

அவ்வளவு சந்தோஷமான குரலில் அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் அதிகம் கேட்கவில்லை.

காலையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முன்மேசையில் நின்று சத்தமாகப் புகார் சொன்னார். மெத்தை, தலையணை, ஆறிப்போன காபி, பாதியில் நின்ற வெந்நீர். ஊரார் புகாரையெல்லாம் பத்தொன்பது வருடம் தலையாட்டிக் கேட்டவர் அன்று எதையும் விடவில்லை. இகெர் தலையாட்டினான். கடைசிப் புகார் பலகையைப் பற்றியது.

“இத எடுத்துரு.”

“அது என் கையில இல்ல, சென்யோரா.”

“சரி. என் கையில ஒண்ணு இருக்கு, அத நான் பாத்துக்கறேன்.”

திரும்பும் வழியில் எல்லையிலிருந்து மறுபடி போன்.

“பஸ் ஸ்டாண்டுக்கு வா. வரும்போது திருப்புளி எடுத்துட்டு வா.”

“எந்தத் திருப்புளிம்மா?”

“முனையில கூட்டல் குறி இருக்குமே, அது. கெட்டியானதா.”

வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேராக விடுதி வாசலுக்குப் போனோம். அம்மா உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அதை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் ஏறினேன். முதலாளி தோன் அனிபால் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார்.

“லிந்தா! என்ன பண்றீங்க? அவள எறங்கச் சொல்லு!”

“வேலை முடிஞ்சா எறங்குவா.”

“நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்!”

“வர்றேன்னு யாரு சொன்னது?”

பலகையில் நான்கு திருகுகள். மூன்று உடனே வந்துவிட்டன. ஒன்று துருப்பிடித்துத் தலை வழுக்கியது. அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். அதுவும் வந்தது.