சாமந்தியும் அலுமினிய இன்ஜினும்

2008-இல் புதுச்சேரியிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். வாங்குகிற வயதை நான் தாண்டியிருந்தேன், ஓடுகிற வயதை அது தாண்டியிருந்தது. பொருத்தம் பிரமாதம்.

கடலூரில் அக்கா வீட்டுக் கொட்டகையில் நானும் அக்காவின் கணவரும் இன்ஜினைப் பிரித்தோம். அவர் தொழிற்சாலை ஃபிட்டர். பிளாக் அலுமினியம். இரும்பு பழகிய கையால் அவர் ஒரு போல்ட்டை இறுக்க, மரை சுருளாகப் பிய்ந்து வந்தது. அதைச் சரிசெய்து, பிஸ்டன் மாற்றி, ஒரு வருஷம் கழித்துத்தான் மூட முடிந்தது. அந்த ஒரு வருஷமும் வந்தவர் போனவரிடமெல்லாம் அலுமினியத்தின் பெருமையைப் பேசினேன். எடை குறைவு, வேகம் ஜாஸ்தி. ரொம்பச் சூடானால் கோணிவிடும் என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வேன்.

அடுத்து சிதம்பரத்தில் அக்கா மகளின் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான், தாய்மாமன் நானே ஓட்டுவேன் என்று அறிவித்தேன்.

“வேணாம் மாமா, வாடகைக் காரு சொல்லிக்கலாம்” என்றாள் கல்யாணப் பெண்.

மண்டபம் சின்னது என்று மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே முணுமுணுத்திருந்தார்கள். அக்காவின் கணவர் என்னைத் தனியே அழைத்தார். “மச்சான், அவுங்க எதுடா கெடைக்கும்னு பாத்துகினு இருக்காங்க. அழைப்புல ஒண்ணும் ஆவக் கூடாது.”

“கடலூர்லேந்து நூறுல வந்தேன் மாமா. சூட்டு முள்ளு அசையல.”

உண்மைதான். நூறில் போனால் காற்று தானாக முகப்பில் புகுந்து இன்ஜினைக் குளிர வைக்கும். நாயனத்துக்குப் பின்னால் ஊர்ந்து பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. போதாததற்கு, காரின் முகத்தில் கட்டிய சாமந்தித் தட்டி சன்னமாக இருக்கிறதென்று பூக்காரரிடம் இன்னொரு அடுக்கு கட்டச் சொன்னேன்.

கீழ வீதியிலேயே முள் ஏற ஆரம்பித்தது. தெற்கு வீதி முனையில் நாயனக்காரர் நின்று, ஒரு ராகத்தைச் சாவகாசமாக விரிக்கத் தொடங்கினார். அங்கேயே இறங்கிப் பூவைப் பிய்த்துப் போட்டிருக்கலாம். ஊரே பார்க்கிறதே என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் கோட்டு சூட்டில் மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினார். “ஏதோ வேவுற வாடை வருதுங்களே?”

“பூ வாசம் மாப்ள.”

மேல வீதி திரும்பியதும் சாமந்திக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி நின்றது. மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“பொண்ணு வூட்டுல பூவ வேவ வச்சித்தான் போடுவாங்க போலருக்கு.”

மாப்பிள்ளை இறங்கினார். நடந்து போவார் என்று நினைத்தேன். அவர் கோட்டைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டு, பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினார். நாயனம் முன்னால், மாப்பிள்ளை பின்னால், நடுவில் நான் மட்டும் உட்கார்ந்தபடி மண்டபம் வந்து சேர்ந்தேன். எனக்குத்தான் அழைப்பு என்று நினைத்தவர்களும் உண்டு.

வாசலில் அக்கா ஆரத்தித் தட்டுடன் நின்றாள். அவள் கணவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், ஒவ்வொருவர் முன்னும் கைகூப்பி நின்றார். அந்த அத்தை முன் மட்டும் இரண்டு தடவை.

பிளாக் கோணியதெல்லாம் பிறகு தெரிந்தது, அது பெரிதல்ல. மறுநாள் தாய்மாமன் என்று எனக்கு மாலை போட்டார்கள். சாமந்தி மாலை. கல்யாண ஆல்பத்தில் பெண் நன்றாக நிமிர்ந்து சிரிக்கிறாள். குனிந்த தலை நிமிராமல் நிற்பது நான்தான்.