எட்டாம் துக்கத்தில் ஜாஸ்

துக்க வீட்டில் பாட்டுப் போட்ட குடும்பம் என்று மலேசியாவின் ஈப்போவில் எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் யாராவது ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நீ அந்த வீட்டுப் பொண்ணா?" என்று கேட்பார். ஆமாம், அந்த வீட்டுப் பெண்தான். ரெக்கார்டில் முள்ளை வைத்ததே நான்தான்.

பாட்டுப் பைத்தியம் என் பெரியப்பா. கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மரம் வெட்டிப் பாலெடுக்கப் பிடிக்காமல் ஈப்போவுக்கு ஓடி வந்து வயர்மேன் ஆனவர். எங்கள் வரிசையில் எல்லா வீட்டு வானொலியிலும் தமிழ்ப் பாட்டு ஓடும்போது அவருடைய ரெக்கார்டுப் பெட்டியில் மட்டும் டிரம்பெட் அலறும். அதற்குப் பெயர் ஜாஸ் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தார் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றை எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு கூட்டாளிகள் வருவார்கள். ஒருவர் காம்பாரில் தையல் கடை வைத்திருந்த சீனர். தோட்டத்துக் கடையில் வளர்ந்ததால் தமிழில் எங்களைவிடச் சரளமாகத் திட்டுவார். இன்னொருவர் சிம்பாங் பூலாயிலிருந்து வரும் வாத்தியார். காலையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வருவார். ஆளுக்கு ஒரு ரெக்கார்டை நாளிதழில் சுற்றிக் கொண்டுவருவார்கள்.

ரெக்கார்டு ஓடும்போது மூச்சுவிடக் கூடாது. ஓடி முடிந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். யார் யாரை எங்கே நேரில் பார்த்தார், எங்கே கேட்டார் என்பதுதான் பேச்சு. தையல்காரர் சிங்கப்பூரில் ஓர் அமெரிக்க டிரம்பெட்காரரைப் பார்த்தவர். அந்த மனிதர் நின்றபடியே மூன்று கைக்குட்டைகளை நனைத்தாராம். வாத்தியாரும் அதே மனிதரைக் கோலாலம்பூரில் பார்த்திருக்கிறார். அவர் பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்துதான் ஊதினாராம். நின்றாரா உட்கார்ந்தாரா என்று இருவரும் கட்டிப்புரளாத குறையாகச் சண்டை போடுவார்கள். மூன்றாவதாகப் பெரியப்பாவின் முறை வரும். அவர் எந்த அமெரிக்கரையும் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தது ஓர் ஏணிக் கதை. அதை வாரம் தவறாமல் சொல்வார், அவர்களும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார்கள்.

பெரியம்மாவுக்கு இதில் ஒன்றும் பிடிக்காது. "தகரக் கூரையில கல்லெறிஞ்ச மாதிரி இருக்கு. இதுக்கு மூணு ஆம்பளைங்க கண்ண வேற மூடிக்கிறாங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். கூடவே சட்டி உருளும் சத்தம். ஆனால் காப்பி மட்டும் நேரத்துக்கு வந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, வேலைக்குப் போன இடத்தில் பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

எட்டாம் துக்கத்தன்று, அதாவது அவர் போன எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைத்தார்கள். எங்கள் வழக்கம் அது. ஆட்டுக்கறி, நண்டு, ஒரு போத்தல் கறுப்பு பீர், டின்னோடு சிகரெட். கோப்பெங்கிலிருந்து வந்த மாமாதான் முன்னின்று நடத்தினார். பெரியம்மாவின் அண்ணன், தோட்டத்துக் கோயில் தலைவர், சடங்கில் ஒரு வெற்றிலை இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

மூலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "அவரோட ரெக்கார்டு எங்க? அத யாரும் வைக்கலியே" என்றார்.

மாமா திரும்பிப் பார்த்தார். "அது ஓரமா இருக்கட்டும்."

"ஓரமா எதுக்கு? பாட்டு ஓடணும். அதுதான அவருக்குப் பிடிச்சது."

"துக்க வீட்டுல வெள்ளைக்காரன் பாட்டா? ஊரு சிரிக்கும்லா."

"பீரு வைக்கலாம், சிகரெட்டு வைக்கலாம். அவரு கேட்டத வைக்கக் கூடாதா?"

"நம்ம வழக்கத்துல இல்ல, தங்கச்சி. சும்மா இரு."

கூடியிருந்தவர்கள் மாமாவுக்குத் தலையாட்டினார்கள். என் அப்பாவும் ஆட்டினார். அவர் யார் பேசினாலும் ஆட்டுவார். பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அடங்கிவிட்டார் என்று எல்லாரும் நினைத்தோம். புருஷன் போன பொம்பளை அடங்காமல் என்ன செய்வாள் என்பது அன்றைய ஊர்க் கணக்கு.

சாம்பிராணி போட்டு முடிந்ததும் எல்லாரும் வெளியே போக வேண்டும். கதவைச் சாத்திவிட வேண்டும். செத்துப்போனவர் வந்து சாப்பிடும் நேரம் அது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது, எட்டியும் பார்க்கக் கூடாது. மாமா எல்லாரையும் வாசலுக்கு ஓட்டிக்கொண்டிருந்தபோது பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பொட்டிய ஓட்ட ஒனக்குத் தெரியும்ல? இருக்கறதுலயே ரொம்ப நேரம் ஓடுறது எது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள் நான். பெரிய ரெக்கார்டு ஒன்றை எடுத்து வைத்து முள்ளை இறக்கினேன். சத்தத்துக்கான குமிழைப் பெரியம்மாவே கடைசிவரை திருகினார். இருவரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தி, அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

டிரம்பெட் கிளம்பியது.

வாசலில் அத்தனை பேரும் சிலையாகிவிட்டார்கள். மாமாவின் முகம் சிவந்தது. "நிறுத்து அத! போய் நிறுத்து!" என்று கத்திக்கொண்டு கதவை நோக்கி வந்தார்.

பெரியம்மா அசையவில்லை. "அவரு சாப்பிடுறாரு. யாரு கதவத் தொறக்கப் போறீங்க?"

மாமா நின்ற இடத்திலேயே நின்றார். சாத்திய கதவைத் திறக்கக் கூடாது என்று எல்லாருக்கும் சொன்னவர் அவர்தான். பிறகு பேச்சில் வேறு வழி பிடித்தார். "இந்நேரம் சாப்பிட்டிருப்பாரு. தட்டிட்டுத் தொறக்கலாம்."

"எங்க வீட்டுக்காரரு மெதுவாத்தான் சாப்பிடுவாரு. பரிமாறுனவளுக்குத் தெரியாதா?"

யாரோ ஒரு பொம்பளை களுக்கென்று சிரித்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்போது பெரியம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டும்போல இருந்தது.

வாத்தியார் மெதுவாக மாமாவின் பக்கத்தில் வந்தார். "அண்ணே, இது வெள்ளைக்காரன் பாட்டு இல்ல. அமெரிக்காவுல வெள்ளைக்காரன் தோட்டத்துல பாடுபட்ட கறுப்பு ஜனங்களோட பேரப்பிள்ளைங்க பாட்டு. நம்ம மாதிரிதான்."

"நம்ம தோட்டத்துல எவனும் இப்படி ஊதல" என்றார் மாமா. கடைசிவரை அவர் மசியவில்லை. கதையாக இருந்தால் இந்த இடத்தில் அவருடைய கால் தாளம் போட்டிருக்கும்.

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பாட்டுக்குத்தான் அந்த ஆளு நின்னு ஊதினான்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"உக்காந்துதான்" என்றார் வாத்தியார்.

"நின்னான்லா! என் ரெண்டு கண்ணால பாத்தேன். மூணு கைக்குட்டை!"

துக்க வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை முழுதாக நடந்தது. பிறகு இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். அடுத்தது பெரியப்பாவின் முறை. உள்ளே பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"அவரு ஏணியில இருந்தாரு" என்றார் பெரியம்மா.

சண்டைக் குரலிலேயே சொன்னார். "கேளிக்கைப் பூங்காவுல டான்ஸ் நடக்குது. கரண்டு போச்சு. இவரு ஏணி போட்டு மேல ஏறிட்டாரு. கீழ பிலிப்பினோ பேண்டுக்காரங்க நிறுத்தல, இருட்டுலயே வாசிக்கிறாங்க. இவருக்கு பியூஸ் போட ஒரு நிமிசம் போதும். போடல. வெளிச்சம் வந்தா அந்த சாக்ஸபோன்காரன் பயந்து நிறுத்திருவானோன்னு, பியூஸ கையில வச்சிக்கிட்டு மேலயே உக்காந்திருந்தாரு. மொதலாளி கீழயிருந்து கத்துறான். பாட்டு முடிஞ்சப்பறந்தான் வெளிச்சம். மறுநாள் வேலை போச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு, "போதுமா?" என்றார்.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "போதும்க்கா" என்றார்.

ரெக்கார்டு ஓய்ந்து முள் கரகரக்கும்வரை பெரியம்மா நகரவில்லை. பிறகு அவரே கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். மாமா சாப்பிடாமல் கோப்பெங்குக்கு வண்டியைக் கிளப்பினார். அப்புறம் பல காலம் எங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு பெரியம்மா இலையை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். இனி இந்த வீட்டில் தினமும் ஜாஸ்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். "பெரியம்மா, மறுபக்கத்தையும் போடவா?" என்று கேட்டேன்.

"கைய ஒடிச்சுருவேன். காது இன்னும் கொய்ங்குது. மனுசன் கேப்பானா இத?"

எனக்கு வந்த ஏமாற்றத்துக்கு அளவில்லை. ஆனாலும் பெரியம்மாவுக்கும் ஜாஸ் பிடித்துவிட்டது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். பிடிக்கவே பிடிக்காத ஒரு சத்தத்துக்காகக் கூடப்பிறந்த அண்ணனை யாராவது பகைத்துக்கொள்வார்களா? இல்லை, நிச்சயம் பிடித்திருக்கிறது என்று எனக்கு நானே சாதித்துக்கொண்டு, பெரியம்மாவைப் பார்த்து ரகசியமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.