முதுகுத்தண்டில் கட்டி, வாசலில் நங்கையா

போன தை மாதம், மஞ்சள் வெட்டிக்கொண்டிருந்தபோது என் வலது கால் மரத்துப்போனது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் காடு. இடுப்பு வலி யாருக்குத்தான் இல்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

பங்குனியில் வலி இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீரென்று இழுத்தது. நின்று ஒரு தோசை ஊற்ற முடியவில்லை. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் முள்ளில் நடந்து வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ரத்தத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். “முதுகெலும்பு மூட்டுல பட்டாணி அளவுக்கு நீர்க்கட்டி இருக்கும்மா. அது நரம்பை அமுக்குது. அப்படியே விட்டா பாதத்துல பலம் போயிடும். சின்னத் துளை போட்டு, கேமரா வச்ச குழாய் வழியா எடுத்துடலாம்” என்றார்.

முதுகில் கை வைப்பதா? பயந்துபோய் மாட்டேன் என்று வந்துவிட்டேன். தினமும் மாரியம்மன் படத்தைப் பார்த்தபடி படுத்துக்கிடந்தேன். ‘ஆத்தா, கத்தி வேண்டாம், கட்டியைக் கரைத்துவிடு’ என்று அழுதேன். கரையவில்லை.

ஒரு சாயங்காலம் பாதத்தைத் தூக்க முடியாமல் வாசலில் விழுந்தேன். அன்றைக்குத்தான் வேறு மாதிரி கேட்டேன். ‘ஆத்தா, என் பயத்தை எடுத்துக்கொள். என்கூட வர யாரையாவது அனுப்பு.’

மறுநாள் காலையில் சங்ககிரியிலிருந்து நங்கையா வந்து நின்றார். என் வீட்டுக்காரரின் அக்கா. நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. அவர் மகள் கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் முன்னால் நான் அவரைக் குறை சொல்லியிருந்தேன்.

“என்ன சாமி, இப்படிக் கெடக்கறே? தம்பி போன வாரமே போன் பண்ணுனான். வீம்புல இருந்துட்டேன். நேத்துப் பொழுது சாய என்னமோ மனசு கேக்கல” என்றார். நான் வாசலில் விழுந்து ஆத்தாளிடம் கேட்டதும் அதே நேரம்தான்.

“பயமா இருக்குதுங்க நங்கையா.”

“என் கையைப் புடிச்சுக்க. நானும் கூட வாரேன்.”

ஆபரேஷன் அறையின் கதவு வரைக்கும் அந்தக் கையை நான் விடவில்லை. மறுநாள் டாக்டரம்மா கால்விரலை மேலே தூக்கச் சொன்னார். முதுகில் சின்னத் தையல்தான். ஆனால் விரலைத் தூக்கும் முன்னால், பக்கத்தில் நின்ற நங்கையாவைப் பார்த்து எனக்கு வாய்தான் முந்தியது.

“அன்னைக்குப் பந்தியில பேசுனது என் தப்புங்க நங்கையா.”

“அது கெடக்குது சாமி. மொதல்ல வெரலைத் தூக்கு.”

தூக்கினேன். நாங்கள் இருவரும் அழுதோம். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு.

சுண்டுவிரலில் மரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் ஆடியில் கோயிலுக்கு என் காலாலேயே நடந்து போனேன். முன்பெல்லாம் நாக்கு துடுக்காக வரும். இப்போது பேசும் முன் ஆத்தாளை ஒரு தடவை நினைத்துக்கொள்கிறேன்.

வலியில் இருக்கிற என் சகோதரிகளே, வைத்தியம் பார்க்கத் தயங்காதீர்கள். ஆத்தாளிடம் வலியை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். உங்கள் பயத்தையும் சொல்லுங்கள். என் பயத்தை வாங்கிக்கொண்டவள் உங்களுடையதையும் வாங்கிக்கொள்வாள்.