அட்டைக்கு வைத்த உப்பு

மலையகத்து நோட்டன் பிரிட்ஜுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு துண்டுக் கம்பிச் சல்லடைக்காக. 1964, ஆடி மாதம். மன்னார்ப் பக்கத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்த கடலோர ஊரில் கிணறுகள் எல்லாம் உவர்த்துவிட்டன. இருபது குடும்பங்களில் ஏழுதான் மிச்சம். "ஆவணிக்குள்ள நல்ல தண்ணி காட்டுங்கோ மாஸ்டர். இல்லாட்டி நாங்களும் வெளிக்கிடுறம்" என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

உப்பைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வை, சஞ்சிகையில் படித்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றி நானே செய்திருந்தேன். கைப்பம்பால் உப்புத் தண்ணீரை அதன்மேல் அழுத்தினால் கிழிந்துபோகும். குற்றம் சவ்வில் இல்லை, அதைத் தாங்கும் துளைத் தகட்டில். துளைக்கு நேரே பிதுங்கித்தான் கிழிந்தது. நுண்ணிய சல்லடை ஒன்றை அடியில் கொடுத்தால் தாங்கும். அதற்குத் தூள் சலிக்கும் தேயிலைத் தொழிற்சாலையை விட்டால் வேறு எங்கே போவது? சவ்வு செய்யும் மருந்தும் தீர்ந்துவிட்டது. கையில் இருந்தவை இரண்டே சவ்வுகள். பம்போடு அவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டேன்.

கொழும்பில் காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு ரயில், ஹட்டனில் பதினொன்றே கால். அங்கிருந்து பஸ்ஸில் பதினொரு மைல், ஐம்பத்தைந்து சதம், ஒரு மணி நேரம். வழியெல்லாம் பாறைகளிலிருந்து தண்ணீர் கேட்பாரற்றுக் கொட்டியது. அழகுதான். எனக்கு வயிறு எரிந்தது.

தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் பிட்டர் கருப்பையா சல்லடையைத் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார். "இது ஆகாதுங்க. தூளு நிக்காம ஓடணும்னு சொரசொரப்பா பின்னுனது. ஒங்க சவ்வ ராவிப்புடும்."

நான் பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. அதையே சவ்வுக்கு அடியில் மாட்டினேன். பத்து நிமிடத்தில் முதல் சவ்வு நார்நாராகிவிட்டது.

கருப்பையா சல்லடையைப் பட்டறைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி மட்டமாக்கினார். மேலே மெல்லிய வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டார். "இப்ப வைங்க மாஸ்டர்."

வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து மாறி மாறிப் பம்பை அடித்தோம். அரை மணி நேரமாகியும் சவ்வு கிழியவில்லை. கீழே குழாயில் துளி கட்டியது. ஏந்துவதற்கு ஏதாவது வேண்டும் என்றேன். கருப்பையா கதவோரம் இருந்த ஒரு டின்னைக் கொட்டித் தட்டிக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு வாய்த் தண்ணீர் சேர்ந்ததும் எடுத்துக் குடித்தேன்.

உப்பு. அப்படியே எங்கள் கிணறு.

ஏழு குடும்பங்களுக்கும் என்ன பதில் சொல்வேன்? மூடியைக் கழற்றிச் சவ்வைப் பிடுங்கிக் கிழித்து எறிந்தேன். கருப்பையா கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார்.

நாலு மணிக்குக் கொழுந்தை எடை போட்டுவிட்டு ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். "அண்ணே, அட்டைக்கு வச்சிருந்த உப்பு டின்ன காணோமே, பாத்தீங்களா?"

மழைக்கால மலையில் அட்டை கடிக்காமலிருக்க அவர்கள் காலில் உப்புத் தேய்த்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. கருப்பையா டின்னை எடுத்து உள்ளே பார்த்தார். "தட்டித்தானுங்க வச்சேன். கழுவணும்னு தோணலீங்களே."

குழாய் நுனியில் ஒரு துளி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவர் மறந்தது ஒரு டின்னை. சவ்வைக் கிழித்தது நான். மறுபடி மருந்து வந்து சேர்ந்தபோது மார்கழி. ஏழு வீடுகளும் பூட்டிக் கிடந்தன. அதற்குப் பிறகு நான் சவ்வு செய்யவில்லை.

இப்போது போகிறவர்கள் ரயில், பஸ் நேரங்களைப் புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடியில் போனால் குடை போதாது, கெட்டியான மழைச்சட்டை வேண்டும். அட்டைக்கு உப்பும் வேண்டும். குடிக்க உங்கள் சொந்தக் கோப்பை ஒன்றையும் எடுத்துப் போங்கள். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.