வெள்ளிமலை பஸ்ஸில் கண் பிரஷர் பேச்சு

இன்று மதியம் வெள்ளிமலை பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இமை முடி இவ்ளோ நீளமா இருக்குதே, இன்னா போடறீங்க?"

"கண்ணுல பிரஷர்க்கா. ராத்திரி வுடற சொட்டு மருந்தால வளருது."

அவர் முகம் மாறியது. "எங்க வூட்டுக்காரருக்கும் கண்ணுல பிரஷர்தான். கண்ணு செவக்குதுன்னு மருந்த நிறுத்திட்டாரு. நல்லாதான் தெரியுதுங்கறாரு."

"பார்வை கொஞ்சம் கொஞ்சமா போறது நமக்கே தெரியாதுக்கா. போனா திரும்பாது. செவக்குதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற வழி சொல்லுவாங்க."

பஸ் மலை ஏறி போன் சிக்னல் போவதற்குள் அவசரமாக வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"இந்தா பாரு, நாளைக்கே கண்ணு டாக்டர்கிட்ட போறோம். இனிமே மருந்த நானே வுடறேன். நீ கண்ண தொறந்துகினு படுத்தா போதும்."

அந்தப் பக்கம் "சரி" என்று மட்டும் கேட்டது.

உங்கள் வீட்டில் சொட்டு மருந்துக்கு யார் பொறுப்பு?