1877-ஆம் துண்டு

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. பட்டப்பகலில், எல்லா விளக்கும் எரிகிற அறையில், எனக்கு நடந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

மூளையின் மின்பதிவுகளைப் படிப்பது என் வேலை. ஒருவர் தலையில் கம்பிகளை ஒட்டி ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்வார்கள். அதைப் பத்துப் பத்து விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி போட வேண்டும்: விழிப்பு, தூக்கம், வலிப்பு, மூளையிலிருந்து வராத வெறும் இரைச்சல். ஒரு நாளுக்கு எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது துண்டுகள். பேச்சே இல்லாத வேலை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த பெண்மணியைக் கழுகு என்போம். கண் அப்படி. குறியில் தப்பிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். எனக்கும் அவருக்கும் ஒத்தே வராது. அவர் இறந்து அப்போது எட்டு மாதம். ஒன்பது வருடம் அவர் போட்ட குறிகளைக் கொடுத்துத்தான் கணினியைப் பழக்கினார்கள். அந்த மென்பொருளுக்கும் கழுகு என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று வந்த பதிவில் பெயர் இல்லை, எண் மட்டும். ஆனால் எனக்குத் தெரியும். என் தம்பி. கிரேன் ஓட்டுகிறவன். ஒருமுறை மயங்கி விழுந்ததிலிருந்து, இரண்டு மாதமாக அவனை மேலே ஏற விடவில்லை. பதிவில் வலிப்பு இல்லையென்றால் மறுநாளே ஏறலாம்.

“பாக்கறது நீதானேண்ணே, எனக்கென்ன கவலை” என்று காலையில் தோளில் தட்டிவிட்டுப் போயிருந்தான். சொந்தக்காரர் பதிவை நான் தொடக் கூடாது. யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

மணி 2:10. 1877-ஆம் துண்டு. பதிவில் அது முந்தின நாள் பிற்பகல் 3:12:40. கோடுகள் கறுத்துத் துடித்தன. எதையாவது மென்றால் தாடைத் தசை அப்படித்தான் கிறுக்கும். இரைச்சல் என்று போட்டேன். அடுத்ததற்குப் போனேன்.

ஏதோ உறுத்தியது. திரும்பிப் பார்த்தேன்.

வலிப்பு என்றிருந்தது.

கை தவறியிருக்கும். மாற்றினேன். 2:14. வலிப்பு. மாற்றினேன். 2:15... வலிப்பு.

கணினி அறைக்குப் போன் போட்டேன்.

“கழுகு ஓடுதாப்பா?”

“காலையில ஒன்பதரைக்கே நிறுத்தியாச்சுண்ணே. ஏன், மிரட்டுதா?”

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். மறுபடி மாற்றிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

டக்.

விசைப்பலகையில் ஒரு விசை இறங்கி எழுந்தது. தானாக.

எழுந்து ஓடவில்லை.

“உயிரோட இருந்தப்பவே உங்களுக்கு நான் பயந்ததில்லக்கா” என்றேன். “இது என் தம்பி பொழப்பு. விடமாட்டேன்.”

இரைச்சல்... டக்... வலிப்பு.

இரைச்சல்... டக்... வலிப்பு.

மொத்தம் பதினோரு முறை.

பிறகு, அவர் சொன்னார் என்பதற்காக இல்லை, எனக்காக, துண்டைப் பெரிதாக்கிக் கோடு கோடாகப் பார்த்தேன். மெல்லும் கிறுக்கல் தாறுமாறாக இருக்கும். இது அப்படி இல்லை. விநாடிக்கு மூன்று அலை, வலிப்பில் வருகிற மாதிரி. ஒரே சீராக. பத்து விநாடி. அத்தனை உயரத்தில், கையில் நெம்புகோலோடு, பத்து விநாடி...

குறியை அழித்தேன். கட்டம் காலி. காத்திருந்தேன். எந்த விசையும் அசையவில்லை.

“தள்ளுங்க” என்றேன். “நானே போடறேன்.”

வலிப்பு. நகம் வெளுக்க அழுத்தினேன். 2:40:07.

தம்பி என்னோடு பேசி ஒரு வருடமாகிறது. தரையில் நின்று சுமைக்குக் கயிறு கட்டுகிறானாம், அம்மா சொன்னாள். இருக்கட்டும். இருக்கிறான்.

குறி போட்ட மறுவாரமே கணினிக்காரன் அந்தத் துண்டின் வரலாற்றை எடுத்துக் கொடுத்தான். யார், எப்போது, என்ன குறி போட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரைச்சல் பதினோரு முறை, என் பெயரில். வலிப்பு பன்னிரண்டு முறை.

பன்னிரண்டும் கழுகின் பெயரில்.

2:40:07-உம்.

அது என் விரல். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.