பொதிப் பயிரும் பேச்சி மதினியும்

போன வாரம் இலஞ்சி வழியாகப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோரம் சட்டென்று ஒரு வாசனை. பால் பிடிக்கிற நெற்கதிரின் வாசனை. பச்சரிசி மாவில் கொஞ்சம் பசும்புல்லைக் கசக்கிப் போட்டதுபோல இருக்கும். உங்களுக்கு அது தெரியுமென்றால் நீங்களும் என் வயதுக்காரர்தான்.

வாசனை என்றதும் நான் வேலை பார்த்த தென்காசி அரிசி மில் நினைவுக்கு வருகிறது. புழுங்கல் நெல் அவிகிற நெடி வேட்டியிலேயே ஒட்டிக்கொண்டு வரும். இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. நெல்லைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. மூட்டையில் வந்த பிறகுதான் தெரியும் என்பது வேறு விஷயம். வயலில் நிற்கிற நெல்லை எனக்குக் காட்டியவள் பேச்சி மதினி, என் அண்ணன் மனைவி.

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டான். குற்றாலத்துக்குக் கீழே, வாய்க்காலின் கடைசியில், பண்ணையாரிடம் விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்கு எடுத்த வயலை மதினி ஒருத்தியே பார்த்தாள். அந்த வருஷம் சாரல் நேரத்துக்கு வந்தது. கார் பருவத்து நடவு முடிந்து, களை பறித்து, பயிர் தூர் கட்டி முழங்காலுக்கு மேல் நின்றது. நான் போகும்போதெல்லாம் பயிரைப் பற்றியே பேசுவாள். அண்ணனைப் பற்றி நான் கேட்டால்தான்.

பொதி கட்டுகிற சமயம் பார்த்துச் சாரல் நின்றது. தண்டுக்குள் கதிர் உருண்டு, வெளியே வராமல் இருக்கிற பருவம் அது. அப்போது காய்ந்தால் கிடைப்பது பதர்தான். அருவி மெலிந்தது, வாய்க்கால் சுருங்கியது. இருக்கிற தண்ணீரைப் பண்ணையின் வாழைக்குத் திருப்ப எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற மடையைப் பலகை போட்டு அடைக்கச் சொல்லி உத்தரவானது.

பண்ணைக் காரியஸ்தர் வயலுக்கே வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

“ஏட்டி பேச்சி, பயிரு போச்சு. மாட்ட விட்டு மேய்ச்சிரு. அடுத்த பூ வெள்ளாமைக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதோம். ஆம்பள இல்லாத வீட்டுக்கு எதுக்கு வயலு?”

மதினி ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறி விரித்தாள். உள்ளே வெள்ளை நூலாக இளங்கதிர்.

“போகலய்யா. உள்ள உசுரோட இருக்கு. ஒரு தண்ணி போதும்.”

“தண்ணி கிடையாது.”

மதினி மடைக்கு நடந்தாள், பலகை இறங்குகிற இடத்தில், ஓடுகிற தண்ணீருக்குள், கல்லில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“ஏலே சுடலை, போடுலே பலகைய!” என்று நீர் பாய்ச்சுகிறவரிடம் கத்தினார் காரியஸ்தர்.

“போடுங்கண்ணாச்சி,” என்றாள் மதினி. “என் மடியிலதான் போடணும்.”

“பொம்பள உக்காந்திருக்கா, எப்படிய்யா போட?” என்று சுடலை பலகையைக் கரையில் வைத்துவிட்டார்.

கரையில் நான் வெயிலுக்குக் குடை பிடித்து நின்றேன். மதினி திரும்பிப் பார்த்தாள். “தம்பி, நீங்க என்ன வேடிக்கையா பாக்குதிய?”

இருந்த ஒரே வெள்ளை வேட்டியோடு இறங்கி உட்கார்ந்தேன். மலைத் தண்ணீர் எலும்பைத் துளைத்தது. பல் கிடுகிடுத்ததைக் கோபத்தில் நறநறத்ததாக வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். பக்கத்து வயல் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து இறங்கினார்கள். காரியஸ்தர் கத்தி ஓய்ந்து போனார். பொழுது சாய்வதற்குள் கடைசி வயல்வரை நனைந்தது.

கதிர் வந்தது. பதரும் இருந்தது, ஆனாலும் அறுத்தோம். காரியஸ்தர் சொன்னபடி வயலைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்து வந்த பிசானப் பருவத்துக்கு அதை எடுக்க ஒருவரும் போகவில்லை. மடையில் உட்கார்ந்த பெண்களின் வீட்டு ஆண்கள் எந்த முகத்தோடு போவார்கள்? வயல் தரிசாகக் கிடந்தது. அடுத்த கார் பருவத்துக்குக் காரியஸ்தரே வாசலில் வந்து நின்றார்.

“பயிரு பொதியில இருக்கையில மடைய அடைக்க மாட்டோம்னு பண்ணையாரு ஊரு முன்னால சொல்லட்டும். பெறகு ஏரு பூட்டுதேன்,” என்றாள் மதினி.

பண்ணையார் சொன்னார்.

சண்டை முடிந்து வந்த அண்ணன் ஏரை வாங்கிக்கொண்டான். வாய்க்கால் பொறுப்பை வாங்கிக்கொள்ள மதினி விடவில்லை.

இப்போது இருவரும் இல்லை. வாய்க்கால் மேல் தார்ச்சாலை ஓடுகிறது. தெருவில் எதிர்ப்பட்டால் “பயிரு எப்படி இருக்கு?” என்று கேட்ட ஊர், இப்போது லாட்ஜில் ரூம் இருக்கிறதா என்று கேட்கிறது. மதினியின் வயலில் என் மகனே மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறான். மாடியிலிருந்து பார்த்தால் அருவி தெரிகிறதாம், வரச் சொல்கிறான். அந்தத் தரையில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாரல் காலத்தில் தரையெல்லாம் ஈரம் கசிகிறதாம். எந்தப் பூச்சும் நிற்கவில்லையாம்.

கசியட்டும்.